மாணவர் ஆய்வேடும் எழுதுபொறியும்

பல்கலைக்கழகங்களிலே பயிலும் நம் மாணவர்கள் பட்டத்தின் பொருட்டு எழுதிக் கொடுக்கும் ஆய்வேடுகளில் அவர்தம் சொந்த அறிவு எவ்வளவு, பிறர் அறிவு எவ்வளவு என்னும் வினா புதியதன்று. புதியது யாதெனின், அப் "பிறர்" இருந்த இடத்தில் இன்று மனிதர் ஒருவருமின்றி ஓர் இயந்திரம் வந்து அமர்ந்திருப்பதேயாம். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், அமெரிக்காவிலுள்ள ஓப்பன்ஏஐ என்னும் நிறுவனம் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பொதுமக்கள் கைக்கு விட்டது. அதன்பின் அதனையொத்த கருவிகள் பல தோன்றிவிட்டன. வினாவைக் கேட்டால் விடையை எழுதும். தலைப்பைக் கொடுத்தால் கட்டுரையை எழுதும். கட்டுரையைக் கொடுத்தால் அதைச் சுருக்கியும் விரித்தும் திருத்தியும் வேற்று மொழியிற் பெயர்த்தும் தரும். இக்கட்டுரையில் அவற்றை எழுதுபொறி என்றே குறிப்பேன்.

இதனைப் பற்றி நம்மவர் பேசும் பேச்சு இருவகைப்படும். கல்வி குடிமுழுகிப் போயிற்று என்று தலையில் அடித்துக்கொள்வோர் ஒரு சாரார். கணக்குப்பொறி வந்தபோதும் இப்படித்தான் அழுதார்கள், கணிதம் செத்தா போயிற்று என்று நகைப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருள்ளும், மாணவர் எழுதிய ஆய்வேடு ஒன்றையேனும் முதலேட்டிலிருந்து கடையேடு வரை படித்துவிட்டுப் பேசுவோர் மிகச் சிலர். யான் சிலவற்றைப் படித்திருக்கிறேன். தோட்டத்துக் கிராணிக்கு ஆய்வேட்டில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலை உண்டு. தோட்டப்புற வாழ்க்கையைப் பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவர் அனுமதி வேண்டி எழுதுவது எங்கள் ஆபீசுக்கு. எழுதி முடித்தபின் மரியாதையின் பொருட்டு ஒரு பிரதி அனுப்புவதும் எங்கள் ஆபீசுக்கே. மானேஜர் அதனைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் மேசைமீது வைத்துவிடுவார். எந்தக் குடும்பம் எந்த லயத்தில் எத்தனை ஆண்டு இருந்தது, யார் எப்பொழுது பேரெடுத்துப் போனார் என்பதெல்லாம் செக்ரோல் எழுதும் கைக்குத் தெரியும். ஆதலின், ஏட்டுக்குப் புள்ளி போட்ட விரிவுரையாளர் கண்ணுக்குத் தட்டுப்படாத சில பிழைகள் என் கண்ணுக்குத் தட்டுப்படுகின்றன. என் தகுதி அவ்வளவே.

முதலாவது, மாணவரிடத்து நாம் எதிர்பார்க்கும் தனித்தன்மை யாது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, உலகம் இதுகாறும் காணாத உண்மையொன்றைக் கண்டு சொல்லவேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. நம் இலக்கண ஆசிரியரும் கேட்டாரில்லை. நூலை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்த நம் முன்னோர், பின்னிரண்டையும் இழிவென்று ஒதுக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று நால்வகையாக்கி, நான்கையும் நூல் என்றே ஏற்றுக்கொண்டது. முன்னையோர் சொல்லை அப்படியே எடுத்துத் தம் நூலுள் வைப்பதைக்கூட நன்னூலார் குற்றமென்று சொன்னாரில்லை; அதனைப் போற்றியே பேசினார். இன்றைய பல்கலைக்கழகத்து விதிகளைக் காட்டிலும் அவர் மரபு தாராளமுடையது.

ஆனால் இத்துணைத் தாராளமுடைய மரபு ஓரிடத்திலே மட்டும் கையை இறுக மூடிக்கொண்டது. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டும் என்றது. அப்பாயிரம் கூறவேண்டியவை ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் ஆகியவற்றைச் சேர்ப்பின் பதினொன்று. ஆக்கியோன் பெயருக்கு அடுத்த இடத்திலே நிற்பது "வழி" என்பதை வாசகர் நோக்குக. இந்நூல் எங்கிருந்து வந்தது, யாரைப் பின்பற்றியது என்பதைச் சொல்லிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சொல்லாது எடுத்தாலோ, பிறன் பாட்டைத் தன் பாட்டென்று கூறுவோனுக்குக் கள்ளக்கவி என்றொரு பெயர் காத்திருந்தது.

இனி எழுதுபொறியைக் கொண்டு ஆக்கிய ஏட்டை இவ்வகையுள் எங்கே வைப்பது? தொகுத்தலும் அதில் உண்டு, விரித்தலும் உண்டு, மொழிபெயர்த்தலும் உண்டு. இல்லாதது வழி ஒன்றே. படிப்போனுக்கு மட்டுமன்று, எழுதினேன் என்று கையொப்பமிட்டவனுக்கும் அவ்வழி தெரியாது. மலைபோற் குவித்த நூல்களையும் பத்திரிகைகளையும் இணையப் பக்கங்களையும் கொண்டு பயிற்றப்பெற்ற இப்பொறி, இச்சொற்களுக்குப் பின்னே எச்சொல் வருதல் இயல்பு என்று கணக்கிட்டுக் கணக்கிட்டே வாக்கியத்தை வளர்க்கிறது. ஒரு கருத்தை எவரிடமிருந்து பெற்றாய் என்று கேட்டால், சிற்சில வேளை உண்மையான நூலைச் சொல்லும்; சிற்சில வேளை எக்காலத்தும் எவரும் எழுதாத நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் மிக அழகாகக் கட்டிச் சொல்லும். கள்ளனுக்கு யார் வீட்டில் எடுத்தோம் என்றாவது தெரியும். இங்கே அதுவும் இல்லை.

நன்னூல் கூறும் நூற்குற்றம் பத்தினையும் கையிற் கொண்டு இத்தகைய ஏடுகளைப் படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். வழூஉச்சொற் புணர்த்தல் என்னும் குற்றம் அநேகமாக இராது. எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் காணக்கிடையா. ஆனால் கூறியது கூறல் உண்டு. வெற்றெனத் தொடுத்தல் ஏடு முழுதும் உண்டு. நின்று பயனின்மை முடிவுரையிலே உறுதியாக உண்டு. நம் ஆசிரியர்களோ பல்லாண்டுகளாக முதற்சொன்ன குற்றத்தை மட்டுமே சிவப்பு மையால் வட்டமிட்டுப் பழகிவிட்டார்கள். மற்றவற்றுக்குப் புள்ளி குறைத்ததில்லை. ஆகவே பொறியானது வந்த நாளிலேயே முதல் வகுப்பில் தேறிவிட்டது. இதில் பொறியின் சாமர்த்தியம் பாதி. நம் திருத்தும் முறையின் சோம்பல் பாதி.

சிந்தனைகள் ஒன்றுபோலாகிவிடும் என்னும் அச்சம் வெறும் பழமைவாதியின் புலம்பலன்று. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த டோஷி என்பவரும், எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஹாசர் என்பவரும் செய்த ஒரு பரிசோதனை 2024 ஜூலையில் "சயன்ஸ் அட்வான்சஸ்" என்னும் ஏட்டில் வெளிவந்தது. ஏறத்தாழ 300 பேரைச் சிறுகதை எழுதச் செய்தார்கள். ஒரு பகுதியார் தாமே எழுதினர். மற்றவர்க்குப் பொறி கதைக்கருவைக் கொடுத்தது. பொறியின் துணை பெற்றோர் கதைகளைப் படித்தவர்கள் அவற்றைச் சிறந்தன என்றே மதிப்பிட்டார்கள். அதிலும் கற்பனைத் திறன் குன்றியோர்க்கே இலாபம் மிகுதி. ஆனால் அக்கதைகளை ஒன்றோடொன்று வைத்து அளந்தபோது, தாமே எழுதியோர் கதைகளைவிட அவை தம்முள் ஒத்திருந்தன. தனியொருவனுக்கு ஊதியம், கூட்டத்துக்கு நட்டம். தன் ஏடு ஒன்றையே பார்க்கும் மாணவனுக்கு இந்த நட்டம் தெரியாது. நாற்பது ஏடுகளை வரிசையாகப் படிக்கும் ஆசிரியருக்கே தெரியும். எங்கள் ஆபீசுக்கு வந்த நான்கினைப் படித்த எனக்கும் ஓரளவு தெரிந்தது.

அந்நான்கும் கடந்த மூன்றாண்டுகளில் வந்தவை. அவற்றுள் இரண்டு, வெவ்வேறு பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் எழுதியவை. ஒன்று மலாய் மொழியில், மற்றொன்று ஆங்கிலத்தில். இருவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் அதிகாரத் தலைப்புகள் ஒன்றே, தோட்டத் தொழிலாளர் எதிர்கொள்ளும் "ஐந்து சவால்கள்" ஒன்றே, அவற்றின் வரிசையும் ஒன்றே. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்ததும், 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியதும், 1941-இல் கிள்ளானில் நடந்த வேலைநிறுத்தங்களும் இரண்டிலும் பிழையின்றி இடம்பெற்றிருந்தன. அவையெல்லாம் நூலில் உள்ளவை. நூலில் இல்லாத இடத்துக்கு, அதாவது எங்கள் தோட்டத்துக்கு, ஏடு வந்து சேர்ந்தவுடன் தடுமாற்றம் தொடங்குகிறது. வைகறையில் தமிழ்த் தொழிலாளர் காண்டா வாளியைச் சுமந்து நிரைக்குச் சென்று மங்கில் வடிந்த பாலை எடுக்கிறார்களாம்! எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை நட்டு முப்பதாண்டுக்கு மேலாகிறது. இன்று குலை அறுப்போர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாருமே. தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று உள்ளன. அவற்றுள்ளும் வெளிவேலைக்குப் போவது இரண்டு. பெரட்டு என்னும் சொல்லுக்கு ஓரேடு "அணிவகுப்பு" என்று பொருள் எழுதி, அதனைத் தொழிலாளரின் கலாசார நிகழ்ச்சிகளோடு சேர்த்துவிட்டது. விடியுமுன் ஆபீஸ் வாசலில் நின்று பேர் கொடுத்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்களா, வேறேதேனும் சொல்வார்களா, யான் அறியேன்.

இவ்வேடுகளுக்கு யான் வைத்த சோதனை எளியது. ஏட்டிலே எங்கள் தோட்டத்தின் பெயர் வருமிடமெல்லாம் வேறொரு தோட்டத்தின் பெயரை வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒரு வாக்கியமும் பொய்யாகவில்லை. ஒரு வாக்கியமும் மெய்யாகவும் இல்லை.

இது பொறுக்கத்தக்கது. பொறுக்கவொண்ணாதது வேறொன்று. ஆங்கிலத்தில் எழுதிய ஏட்டில், எங்கள் தோட்டத்து முதியவர் ஒருவரின் பேட்டி இரண்டு பக்கத்துக்கு இருந்தது. ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, வயது 78 என்று குறிப்பு. வறுமையிலும் ஒற்றுமையைக் காத்தோம், கல்வியே எங்கள் பிள்ளைகளின் விடிவெள்ளி என்றெல்லாம் அவர் சொற்பொழிவு ஆற்றியிருந்தார். பேட்டி கொடுத்தவர் பெயரை மறைப்பது ஆராய்ச்சி முறை, அதில் குறையில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் எழுபத்தைந்து வயதைக் கடந்தோர் மூவரே. ஒருவர் நோயினாற் பேச்சிழந்து பத்தாண்டாகிறது. மற்ற இருவரையும் யானே சென்று கேட்டேன். எந்தப் பிள்ளையும் தம்மைத் தேடி வந்ததில்லை என்றார்கள். அம்மாணவரைத் தொலைபேசியில் அழைத்து வினவினேன். அவர் மறைக்கவில்லை. "தோட்டத்துக்கு வந்து போக ஒரு நாள் ஆகுமண்ணே, நேரமில்லை. கேள்வியையும் பதிலையும் அதுவே எழுதித் தந்தது. எங்கள் வகுப்பில் பலரும் இப்படித்தான்" என்றார். குரலில் வருத்தமும் இல்லை, அகந்தையும் இல்லை. பேருந்து நேரத்தைச் சொல்வதுபோற் சொன்னார்.

வாசக அன்பர்களே, இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வாழும் முதியவர் வாயினின்று வாராத சொல், முதியவர் வாக்காக நூல்நிலையத்துள் ஏறிவிட்டது. நாளை மற்றொரு மாணவர் அதனை மேற்கோள் காட்டுவார். அதற்கடுத்த நாள் அவ்விரண்டையும் பொறியே படித்து, தோட்டப்புறத் தமிழர் இவ்வாறு கூறினர் என்று உலகுக்கெல்லாம் எடுத்தோதும். ஆங்கிலேயர், சீனர், மலாய்க்காரர் ஆகியோர் வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் எத்தனையோ உள. பொய்யான பேட்டி ஒன்று நுழைந்தால் மெய்யான நூறு அதனை மறுக்கும். லயத்தில் வாழ்ந்தவர் வாழ்க்கையில் எழுத்தில் ஏறியது மிகச் சிறிது. நமக்கு மறுத்துரைக்கச் சான்றில்லை. தனித்தன்மை என்பது பிற சமூகத்து மாணவர்க்கு ஓர் அணியாக இருக்கலாம். நம் மாணவர்க்கு அது எழுதப்படாத செய்தி முதன்முதலாக எழுத்தில் ஏறுவது. எழுதப்பட்டதையே உண்டு வளர்ந்த பொறி அந்தச் செய்தியைக் கொடுக்க வழியே இல்லை.

எங்கள் ஆபீஸ் அலமாரியில் 1978-இல் தட்டச்சிட்ட ஆய்வேடு ஒன்றும் இருக்கிறது. எழுதியவர் இத்தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவரின் மகன். நடை கரடுமுரடானது, சந்திப் பிழைக்குப் பஞ்சமில்லை, முன்னுரை தேவைக்கு மேல் நீண்டு சலிப்பூட்டுகிறது. ஆனால் பழைய காடுகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆயாக் கொட்டகையில் பாடிய தாலாட்டுகள் இருக்கின்றன. கோயில் மணியின் கதை இருக்கிறது. காளியம்மன் கோயில் மணியை ஒரே மாதத்தில் காசு பிரித்து வாங்கினோம் என்று முதியோர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஆபீசுக்கு வந்து 1953-ஆம் ஆண்டுச் செக்ரோலைப் புரட்டினார். ஆளுக்கு ஐந்து காசு வீதம் பதினான்கு மாதம் சம்பளத்திற் பிடித்திருந்தது. கொரியப் போரின்போது ஏறிய ரப்பர் விலை விழுந்து கூலியும் குறைந்திருந்த காலம் அது. அவர் முதியோரைப் பொய்யர் என்று எழுதவில்லை. அவர்கள் சொன்னதையும், கணக்கில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதினான்கு மாதப் பிடித்தம் ஒரு மாதமாக நினைவில் நின்றது ஏன் என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார். அவ்வேட்டுக்கு எத்தனை புள்ளி கிடைத்ததோ தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்க வல்ல பொறி இன்னும் வரவில்லை. வந்தாலும் எங்கள் அலமாரியை அது திறக்கமாட்டாது.

பொறியைத் தொட்டவரெல்லாம் கெட்டார் என்று சொல்ல யான் வரவில்லை. நான்காவது ஏட்டை எழுதியவர் ஒரு லோரி ஓட்டுநரின் மகள். பக்கத்துப் பட்டணத்து அடுக்குமாடியில் வாழும் எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருவரின் பேச்சைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்துகொண்டு வந்தார். அம்மூதாட்டியின் தந்தை சயாம் ரயில்பாதை வேலைக்கு 1943-இல் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். தம் தாயார் சொல்லக் கேட்டதை மூதாட்டி சொன்னது இது: "பெரட்டுக்குப் போன மனுசன், சட்டைகூட மாத்தல, அப்படியே லோரியில ஏத்திட்டாங்க." இதனைச் செந்தமிழாக்கித் தருமாறு அம்மாணவி பொறியிடம் கொடுத்தார். "அவர் கட்டாய உழைப்பிற்காக அழைத்துச் செல்லப்பட்டார்" என்று அது எழுதித் தந்தது. பிழை என்று யார் சொல்லக்கூடும்? பெரட்டு போயிற்று, சட்டை போயிற்று, லோரியும் போயிற்று, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற மனைவியும் போய்விட்டாள். மாணவி அவ்வாக்கியத்தை அடித்துவிட்டு மூதாட்டியின் சொல்லையே வைத்தார். தமது மலாய்ச் சுருக்கத்தைத் திருத்துவதற்கு மட்டும் பொறியைப் பயன்படுத்தி, இன்னின்ன பக்கங்களில் இவ்வளவு செய்தது என்று முன்னுரையில் எழுதியும் விட்டார். அவர் நன்னூல் படித்தவரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் பாயிரத்தில் வழி கூறும் கடமையைச் சரிவர நிறைவேற்றியிருக்கிறார்.

பொய்யேட்டையும் மெய்யேட்டையும் பிரித்தறியப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த உபாயம், பொறிக்குக் காவலாக மற்றொரு பொறியை நிறுத்தியது. திருடனைப் பிடிக்க அவன் தம்பியைச் சேவகத்துக்கு அமர்த்தியது போன்றது இது. சாட்ஜிபிடியை ஆக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி 31-இல் ஒரு துப்பறியும் கருவியை வெளியிட்டது. பொறி எழுதியதில் நூற்றுக்கு 26-ஐத்தான் அது கண்டுகொண்டது. மனிதர் எழுதியதில் நூற்றுக்கு 9-ஐப் பொறி எழுதியதென்று குற்றஞ்சாட்டியது. அதே ஆண்டு ஜூலையில் அதனை மீட்டுக்கொண்டார்கள். டர்னிட்டின் என்னும் நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட கருவி, நூற்றுக்கு ஒன்றிலும் குறைவாகவே தவறும் என்று சொல்லப்பட்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2022-இல் அங்கே சோதிக்கப்பட்ட ஏடுகள் 75,000. நூற்றுக்கு ஒன்று தவறினாலும் ஏறத்தாழ 750 குற்றமற்றோர் தண்டனைக்குள்ளாவர். 2023 ஆகஸ்டில் அக்கருவியை நிறுத்திவிட்டார்கள். கணக்கு எழுதுவோனுக்குப் பிடித்த செய்கை இது. டெக்ஸஸ் மாநிலத்துக் கல்விக்கழகம் ஒன்றின் ஆசிரியரோ, 2023 மேயில், மாணவர் ஏடுகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்து "இதை நீ எழுதினாயா" என்று விசாரித்தார். எழுதினேன் என்று அது சொல்லிற்று. சில மாணவரின் பட்டம் சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது!

நம்போன்றோரை நேரே தொடுவது மற்றொன்று. அமெரிக்காவில் ஸ்டான்பர்டு பல்கலைக்கழகத்தார் 2023-இல், ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் தம் கையால் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை ஏழு துப்பறியும் கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகள் பொறி எழுதியன என்று தீர்ப்பாயிற்று. அமெரிக்கப் பள்ளிச் சிறாரின் கட்டுரைகளோ அநேகமாகக் குற்றமற்றவையாக வெளிவந்தன. காரணம் வெளிப்படை. பிறமொழியை வருந்திக் கற்றவன் பழகிய சொற்களையே, பழகிய வரிசையிலேயே வைப்பான். பொறியும் அப்படியே வைக்கும். இன்னும் கேளுங்கள். அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை உயர்த்தி எழுதச் செய்தபோது குற்றச்சாட்டு மிகவும் குறைந்துவிட்டது. சொந்தமாக எழுதியவன் கள்ளன். பொறியிடம் மெருகிட்டு வாங்கியவன் நிரபராதி!

அண்டையிலும் இது நடந்திருக்கிறது. 2025 ஜூனில் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், எழுதுபொறியைப் பயன்படுத்தியதாகக் கூறி மூன்று மாணவர்க்கு ஒரு கட்டுரைக்குச் சுழியம் இடப்பட்டது. அப்பாடத்தில் பொறி தடை செய்யப்பட்டிருந்தது. மேற்கோள்களிற் சில சரியில்லை என்பது ஆசிரியர் தரப்பு. தாம் பயன்படுத்தியது நூற்பட்டியலை அகரவரிசைப்படுத்தும் கருவி மட்டுமே என்பது ஒருவருடைய தரப்பு. பின்பு பல்கலைக்கழகம் மறுபரிசீலனைக் குழு ஒன்றை அமைத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்கும் உரிமை எனக்கில்லை. எழுதியவனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துக் கட்டுரையைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பதை முதலிலேயே விதியாக வைத்திருந்தால், இவ்வளவு தூரம் போயிராது என்று மட்டும் தோன்றுகிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதனை யான் எளிதாகத் தள்ளமாட்டேன். பணக்காரன் பிள்ளைக்கு ஏட்டைத் திருத்திக் கொடுக்கத் தமையன் உண்டு, தனி ஆசிரியர் உண்டு, காசு வாங்கிக்கொண்டு முழுவதையும் எழுதிக் கொடுக்கும் ஆள்கூட எந்நாளும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த தோட்டத்துப் பிள்ளைக்கு யார் உண்டு? தந்தை கையொப்பமிட மட்டும் அறிந்தவர். நள்ளிரவில் ஐயம் கேட்டால் முகம் சுளிக்காமற் சொல்லித்தரும் முதல் ஆசான் அப்பிள்ளைக்கு இப்பொறிதானே என்கிறார்கள். மெய். ஆங்கில வழியிற் படித்தும், தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதப் பழைய நாளில் யான் பட்ட பாடு எனக்குத் தெரியும். சொல்லித்தர ஒருவர் இருந்தால் அதன் அருமையும் தெரியும். ஐயம் தீர்க்கட்டும், பிழை திருத்தட்டும், கடினமான நூலை விளக்கட்டும். ஆனால் ஏழைப் பிள்ளையிடம் பணக்காரப் பிள்ளையிடம் இல்லாத செல்வம் ஒன்று இருக்கிறது. அவன் பாட்டி அவனோடு பேசுவாள். எந்த வாசலைத் தட்டினால் எந்தக் கதை வரும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த ஒரு செல்வத்தையும் விட்டுவிட்டு, எல்லார்க்கும் ஒரே விலையிற் கிடைக்கும் சரக்கை வாங்கி வந்து கடை விரித்தால் சமத்துவம் வந்துவிடுமா?

இதற்கு மருந்து வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. நூலை எழுதியவன் அறிஞர் அவைமுன் அதனைப் படித்து, தடை எழுப்பினால் விடையிறுத்து, அதன்பின்னரே நூலென்று ஒப்புக்கொள்ளப்படும் அரங்கேற்ற வழக்கம் நம்முடையது. பாயிரத்தில் "களம்" என்று சொல்வதும் அவ்விடத்தையே. ஆய்வேட்டை ஒப்புவிக்கும் மாணவன் இருபது நிமிடம் எழுந்து நின்று, "இந்தப் பக்கத்திலுள்ள பேட்டி எங்கே நடந்தது, பதிவு எங்கே, அவர் இப்படிச் சொன்னபோது நீ மேலும் என்ன கேட்டாய்" என்னும் வினாக்களுக்கு விடையளிக்கட்டும். வாய்மொழித் தேர்வு மேற்பட்டங்களுக்கு இருக்கவே இருக்கிறது. இளங்கலை ஏட்டுக்கும் வைக்கலாம். ஒரு விரிவுரையாளர் தலையில் நாற்பது ஏடுகளைக் கட்டிவிட்டு இதனைச் செய்யச் சொன்னால் நடவாது என்பதும் உண்மையே. துப்பறியும் கருவிக்குக் கட்டும் சந்தாப் பணத்துக்கு இன்னும் ஓர் ஆசிரியரை அமர்த்தக்கூடுமா என்பதைக் கணக்குத் தெரிந்தோர் பார்க்கட்டும். அரங்கேற்றத்தில் புள்ளி கொடுப்பவர், நடையின் வழவழப்புக்குக் கொடுத்துவந்த பங்கைக் குறைத்து, சென்று கேட்டதற்கும் சரிபார்த்ததற்கும் கொடுக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். வழூஉச்சொல் இரண்டு இருந்தால் இருந்து போகட்டும்.

ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும் மாணவர்க்கு ஒரு செய்தி. எங்கள் ஆபீசில் 1951 முதல் 1974 வரையுள்ள செக்ரோல் புத்தகங்கள் இருபத்து மூன்று இருக்கின்றன. இரண்டைச் செல் அரித்துவிட்டது, மற்றவை படிக்கும் நிலையிலுள்ளன. மானேஜருக்கு முன்கூட்டி ஒரு கடிதம் எழுதினால் போதும். காலைப் பெரட்டு முடிந்து எட்டு மணிக்கு மேல் யான் ஆபீசில் இருப்பேன். முதியோருட் பேசக்கூடியவர் இருவர் என்றேனல்லவா? அவர்களுள் ஒருவர் வருகிற தை மாதம் மகன் வீட்டோடு ஜோகூருக்குப் போகிறார்.